வெள்ளிக்கிழமையில் ஒரு நூல் கொடை

புரட்டாசி பாதி கடந்ததும் மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து என் போனுக்கு ஒரு தாள் வரும். அடுத்த இரண்டு மாதத்துக்கு நூலகங்களில் என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். கூட்டத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், படத்தில் முகங்கள் தெரிய வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கும். அந்தத் தாளைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிடும். மானாவாரிக் காட்டுக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதங்கள் அவை. மழை பெய்தால் அத்தனை பேரும் காட்டில் இருப்பார்கள். பெய்யாவிட்டால் யாருக்கும் எதிலும் மனசு ஒட்டாது. இதில் நான் எந்த முகத்தைப் படம் எடுப்பது?

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வருகிற ஓர் ஊரில் நான் அப்போது நூலகராக இருந்தேன். வீடு அருப்புக்கோட்டையில். தினமும் இரண்டு பஸ், அப்புறம் நடை. மினி பஸ் ஒன்று உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் நிற்க மாட்டார்கள். நூலகம் என்றால் ஒரே ஓர் அறைதான். முன்பு பஞ்சாயத்து டிவி வைத்திருந்த அறை அது. வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு சும்மா பூட்டிக் கிடந்ததை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். இரும்பு அலமாரிகளும் அவற்றில் இருந்த புத்தகங்களும் துறையுடையவை. மேசையும், இரண்டு பெஞ்சும், ஜன்னலோரத்து மர நாற்காலியும் பஞ்சாயத்துடையவை.

காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். நடுவில் உள்ள நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, அறைக்குள்ளேயே அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அடுக்கிய புத்தகத்தை மறுபடி அடுக்குவேன். இருப்புக் கொள்ளாது. ஊரில் எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். புத்தகம் இருக்கிற இடத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் அவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

அந்த வருஷம் தாளோடு ஒரு போனும் வந்தது. அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினார். வாசகர் குறைவாக உள்ள சின்ன நூலகங்களைப் பக்கத்து ஊர் நூலகத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். என் நூலகத்தின் பேரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதாம். கடைசி நிகழ்ச்சியான நூல் கொடை நாளுக்கு அதிகாரி நேரில் வருவார், ஊருக்கு நூலகத்தின் மேல் அக்கறை இருக்கிறதா என்று பார்ப்பார், பார்த்துவிட்டு எழுதுவார் என்றார்.

"ஜனங்க கையில புஸ்தகத்தோட வந்து குடுக்குறதை அவர் பாக்கணும். அதுதான் முக்கியம். பாத்துக்கங்க."

வாசகர் குறைவு என்று காட்டுவது எங்கள் வருகைப் பதிவேடு. அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்ன செய்வது? காலையில் பேப்பர் படிக்க இருபது பேர் வருவார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் இருபது பேரும் எழுந்து போய்விடுவார்கள். "எதுக்கு டீச்சர் கையெழுத்து? பேப்பருதான பாத்தேன்?" என்பார்கள். எங்கேயோ எதற்கோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அதனால் என் பதிவேட்டில் ஒரு நாளைக்கு மூன்று கையெழுத்து இருந்தால் பெரிய விஷயம். அதில் ஒன்று எப்போதும் ஒரே ஆளுடையது.

அவள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் மாமியார் காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் பிறத்தியார் காட்டில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்தது. இப்போது புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறான், இவள் மில்லுக்குப் போகிறாள். விடியக்காலையில் மில் வேன் ஏறினால் மூன்று மணிக்கு ஊருக்குத் திரும்புவாள். நாலு மணிக்கு நான் மறுபடி திறக்கும்போது வாசலில் நிற்பாள். ஜன்னலோரத்து மர நாற்காலியில் உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும், அதைக்கூடத் தட்டிவிட மாட்டாள்.

எனக்கு அவளைப் பார்த்தால் கொஞ்சம் அதிசயமாக இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாமே, எதற்கு இங்கேயே உட்கார்ந்து படிக்கிறாய் என்று.

"வீட்ல உக்காந்தா வேலை கூப்புடும் டீச்சர். வாசல்ல உக்காந்தா, என்ன சும்மா உக்காந்திருக்கன்னு போறவுக வாரவுக எல்லாம் கேப்பாக. மில்லுல எட்டு மணி நேரமும் நடந்துக்கிட்டேதான் இருக்கணும். இங்கதான் ஒருத்தரும் ஒண்ணும் கேக்குறதில்ல."

பட்டியலில் பேர் இருக்கிற விஷயத்தை நான் அவளிடம் மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"இந்த ரூமையும் பூட்டிருவாகளா?"

"பொஸ்தகம் எல்லாம் போயிட்டா ரூமை எதுக்குத் திறக்கப் போறாங்க?"

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

இவ்வளவுதான் கேட்டாள். ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்குக் காலில் சுடுதண்ணீர் கொட்டின மாதிரிதான். வீட்டில் என் கணவர், "நரிக்குடிக்கு மாத்துனா உனக்கு நல்லதுதான? நடை மிச்சம். எதுக்கு இந்தப் பாடு படுற?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

வாசலில் இருந்த கரும்பலகையில் நிகழ்ச்சிகளை எல்லாம் கலர் சாக்பீஸால் எழுதினேன். ஐப்பசி முதல் ஞாயிறு சர்க்கரை நோய்ப் பரிசோதனை. அடுத்த ஞாயிறு போட்டித் தேர்வுக்கு வழிகாட்டல். அதற்கடுத்து பெண்களுக்கான வாசிப்பு நாள். கார்த்திகையில் நூல் கொடை நாள், அது வெள்ளிக்கிழமை. எங்களுக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிதான். பேப்பர் படிக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அறையை ஒழித்து நாற்காலி போட அன்றைக்குத்தான் முடியும். அதிகாரிக்கும் அந்த நாள் தோதாக இருந்தது. நல்ல நாள் வேறு. இதைவிடப் பொருத்தமாக ஒரு தேதி அமையாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. ஊரில் இத்தனை ஆம்பளைகள் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விரலைக் குத்திக்கொண்டு, எண்ணைக் கேட்டு, ஒருவருக்கொருவர் எண்ணை ஒப்பிட்டுக்கொண்டு போனார்கள். "எனக்கு இருநூத்தி நாப்பது, ஒனக்கு?" என்று கேட்டதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஒருவராவது அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டுமே! அலமாரியில் சாய்ந்து நின்றவர்கள்கூட அதைச் சுவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. படம் மட்டும் நன்றாக வந்தது, அனுப்பினேன்.

போட்டித் தேர்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பரளச்சிப் பக்கம் ஊற்றுகிறது, நமக்கும் வந்துவிட்டது என்று ஊரே காட்டில் இருந்தது. உளுந்தும் மக்காச்சோளமும் புழுதியில் விதைத்துவிட்டு இத்தனை நாள் வாய் பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் மழையில் நனைந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும் வாசலில் நின்று இன்றைக்குப் பார்த்தா பெய்ய வேண்டும் என்று முணுமுணுத்தேன். அந்த மண்ணில் நின்றுகொண்டு மழையைத் திட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் வாசிப்பு நாளுக்கு மில்காரி மட்டும் வந்தாள். அன்றைக்கு அவளை யாரும் வரச் சொல்ல வேண்டியதே இல்லை, அது அவள் எப்போதும் வருகிற நேரம். அவளை நாற்காலியில் ஒரு கோணத்திலும் பெஞ்சில் உட்காரவைத்து இன்னொரு கோணத்திலும் படம் எடுத்து, இரண்டையும் அனுப்பலாமா என்று யோசித்து, பிறகு அனுப்பவில்லை.

மிச்சம் இருந்தது நூல் கொடை நாள் ஒன்றுதான். இந்த முறை விடக் கூடாது என்று நடுவில் கிடைக்கிற மதிய நேரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கார்த்திகை வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. மேற்கே காட்டுக்காரர்கள் வீடுகள், கிழக்கே மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வீடுகள். ஒன்று விடவில்லை. வீட்டுக்கு ஒரு புத்தகம், எதுவானாலும் சரி, நீங்களே வந்து கொடுத்தால் போதும் என்று ஒப்பித்தேன்.

அப்போதுதான் அந்த வீடுகளில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று பார்த்தேன். நூலகத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, கம்பு மூட்டைக்கு மேலே, டிரங்குப் பெட்டியில், துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மகன் நர்சிங் படித்த புத்தகங்கள், மகள் டீச்சர் டிரெயினிங் படித்த புத்தகங்கள், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து அட்டை போட்டவை, ஆட்டு வைத்தியம், சமையல், ஜோசியம். ஒவ்வொன்றின் மேலும் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தாரோம் டீச்சர். தாராளமாத் தாரோம்," என்றார்கள்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்துருவீங்கள்ல?"

"வெள்ளிக்கிழமையா? வந்துருவோம்."

ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா வெள்ளிக்கிழமையா என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தார். நான் அதற்குள் அடுத்த வீட்டுப் படி ஏறிவிட்டேன். எனக்கு எப்போதும் அடுத்த படிதான்.

அந்த வெள்ளிக்கிழமை மழை இல்லை. களையெடுப்பும் ஒரு சுற்று முடிந்திருந்தது. நீளமான மேசையை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன வெள்ளை வேட்டியை விரித்தேன். அதிகாரி பத்தரைக்கே வந்துவிட்டார். ஓய்வு பெறுகிற வயது, மென்மையாகப் பேசுகிற மனுஷர். வெயிலில் பைக்கில் வந்த களைப்போடு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பதினோரு மணிக்குள் அறை நிரம்பிவிட்டது. பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள், வாசலில் நின்றார்கள். பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மில்காரி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு நிறைவு.

வரவேற்றுப் பேசினேன். பேசிக்கொண்டே ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பைகள் வெளியில் இருக்கும், முந்தானைக்குள் இருக்கும் என்று நினைத்தேன். "இப்போது ஒவ்வொருவராக வந்து உங்கள் புத்தகத்தை ஐயாவிடம் கொடுக்கலாம்," என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுபடி சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் கையும் வெறுங்கை. நான் கூட்டத்துக்குள் இறங்கி, அன்றைக்கு இரண்டு தரம் கேட்ட அந்த அம்மாவிடம் குனிந்து, "என்னம்மா, பொஸ்தகம் எங்க?" என்றேன்.

"வெள்ளிக்கிழமைல்ல டீச்சர்," என்றார் அவர்.

"அதுக்கு?"

"வீட்ல இருக்க பொருளை வெள்ளிக்கிழமை வெளிய குடுப்பாகளா? அதுலயும் பூசையில வச்ச பொஸ்தகம். நாளைக்குக் காலையில மொத ஆளாக் கொண்டாந்து தாரேன்."

உப்பு, பால், தானியம், காசு எதுவும் வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுப் போகாது என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி ஒரு கை உப்புக் கேட்டால் அம்மா கிடையாது என்றுதான் சொல்வாள். ஆனால் புத்தகமும் அந்த வரிசையில் வரும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்குப் புத்தகம் என்றால் எண் போட்டு, சீல் குத்தி, அலமாரியில் ஏற்றுகிற சாமான். அவர்களுக்கு அது கம்பு மூட்டையோடு சேர்ந்து வீட்டில் தங்கியிருக்கிற லட்சுமி.

"அப்ப முன்னாடியே சொல்ல வேண்டியதுதான? ஊரு முழுக்க அலைஞ்சேனே, ஒருத்தராவது வாயத் திறந்து சொன்னீங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் சாந்தமாகப் பதில் சொன்னார்: "நீங்க படிச்சவுக. தெரிஞ்சேதான் நாள் குறிச்சிருப்பீக, இன்னைக்குக் கூட்டம் போட்டுட்டு நாளைக்கு வாங்கிக்கிருவீகன்னு நெனச்சோம். வாரோம்னு சொன்னோம், வந்துட்டோம்ல?"

வந்துவிட்டார்கள்தான். ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். அதைவிட வேறு என்ன வேண்டும் என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். மேசையைப் பார்த்தேன். விரித்த வேட்டியின் மேல் ஒரு தாள்கூட இல்லை. அறையின் மூலையில் மில்காரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் சொந்தமாகப் புத்தகமே கிடையாது. அவள் கண்கள் அதிகாரியின் கையில் இருந்த பேனாவின் மேலேயே இருந்தன.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை குடுக்க மாட்டாங்க," என்றார். "ஆனா நான் பாத்ததைத்தானம்மா எழுத முடியும். பதிவேட்டுல கையெழுத்து இல்ல. கொடையா வந்த நூல் எதுவும் இல்ல. கூட்டம் இருந்துச்சுன்னு எழுதுறேன்." கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த காராச்சேவும் டீயும் கொடுத்தோம். எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்லா இருந்துச்சு டீச்சர் என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டு வேறு போனார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது கதவை நெருங்க முடியவில்லை. படியில் புத்தகம் குவிந்து கிடந்தது. மஞ்சள் பையில், உரச் சாக்கில், சேலைத் துணியில், சிலர் வெற்றிலை பாக்கு வைத்துக்கூட. காட்டுக்குப் போகிற வழியில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே இன்னும் நாலு பேர் வந்தார்கள். அந்த அம்மா சொன்னபடியே தொடர்கதை தைத்த ஆறு கட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

உடனே அதிகாரிக்குப் போன் போட்டேன். குவியலைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலமே எழுதி அனுப்பிட்டேனேம்மா," என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

போனை வைத்துவிட்டு அந்தக் குவியலைப் பார்த்தேன். அதன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கொடையாக வந்த நூலை அன்றன்றைக்கே பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, சீல் வைக்க வேண்டும். அதுதான் முறை. நான் வைக்கவில்லை. இனி எதற்கு, யாருக்காக என்று மூலையில் தள்ளிவிட்டேன். ஒரு வாரம் அது அப்படியே கிடந்தது. மில்காரிதான் ஒருநாள் மாலை படிப்பதை விட்டுவிட்டு, சாக்கைப் பிரித்து, தூசி தட்டி, பெஞ்சுக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் அடுக்கினாள். சீல் போடலையா டீச்சர் என்று கேட்டாள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். அவளிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னவள் நான். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த நாட்களில் ஆறு மணி ஆவதற்கு முன்பே விளக்கை அணைத்து அவளை எழுப்பிவிட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில் உத்தரவு வந்தது. நூலகம் நரிக்குடி நூலகத்தோடு சேர்க்கப்படுகிறது, நானும் அங்கேயே. தை பிறப்பதற்குள் சின்ன லாரி ஒன்றும் கணக்குப் பார்க்க ஓர் ஊழியரும் வந்தார்கள். அவர் பதிவேட்டை விரித்து வைத்து, எண் எண்ணாகச் சொல்லி, புத்தகங்களை ஏற்றினார். அலமாரிகளைக் கழற்றினார்கள். மதியத்துக்குள் அறையின் சுவர் எல்லாம் தெரிந்தது, அலமாரி இருந்த இடங்களில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

ஊழியர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இது என்ன மேடம்?"

"கொடையா வந்தது."

ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். "சீல் இல்ல. பதிவேட்லயும் ஏத்தல. அப்ப இது நம்மளது இல்லையே." கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கு நல்லது செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார்: "சீல் உங்க கையிலதான இருக்கு? மளமளன்னு குத்துங்க, ஏத்திருவோம். இவ்வளவு கொடை வாங்குனீங்கன்னு உங்களுக்கும் ஒரு பேரு."

சீல் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்தேன். மை டப்பாவையும் திறந்தேன். மணி மூன்றரை. வாசலில் மில்காரி வந்து நின்றாள். வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள், சாப்பிட்டிருக்க மாட்டாள். வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தாள். அது பஞ்சாயத்துடையது, அதன் இடத்திலேயே இருந்தது. போய் அதில் உட்கார்ந்தாள். லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இத்தனை நாளும் நான் சீல் வைக்காமல் இருந்தது என் வீம்பு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த நிமிஷத்தில் மை டப்பாவை மூடியது மட்டும் யோசித்துச் செய்தது.

"இது ஊர்க்காரங்க பொருள். இங்கயே இருக்கட்டும்," என்றேன்.

ஊழியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். சாவியை வாங்க வந்த பஞ்சாயத்து எழுத்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெஞ்சடியைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்து, "தினம் வர்றது அந்த அக்காதான? சாவி அதுகிட்டயே இருக்கட்டும். யாரும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்," என்றார். இவ்வளவு சுலபமாக முடிந்தது. ஐப்பசியிலிருந்து நான் பட்ட பாடு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

புது இடத்தில் அறைகள் பெரியவை. மின்விசிறி நாலு. பதிவேட்டில் கையெழுத்து நிரம்பி வழிகிறது. நான் அங்கும் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். பங்குனியில் ஒரு விடுமுறை நாளில், வேறு வேலையாகத் திருச்சுழி வந்தவள், என்ன நினைத்தேனோ, பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பூட்டியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்திருக்கும். மறைப்பானேன்.

திறந்திருந்தது. மில்காரி அவள் நாற்காலியில் இருந்தாள். பெஞ்சில் இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி தைத்த தொடர்கதையை மடியில் வைத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி படிக்கவே இல்லை. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திறந்து வைத்திருந்த நாளெல்லாம் அந்த இரண்டு பெண்களும் ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை.

"வாங்க டீச்சர்," என்றாள் மில்காரி. எழுந்திருக்கவில்லை. எனக்கு அது முதலில் சுருக்கென்றது.

நான் சுவரோரம் குனிந்து சரிந்து கிடந்த புத்தகங்களை நிமிர்த்தினேன். நர்சிங் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் டீச்சர். சும்மா உக்காருங்க."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கைக்கு வந்த புத்தகத்தைத் திறந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு வந்தாய், எப்போது போகிறாய், கையெழுத்து எங்கே, படம் எங்கே என்று கேட்க ஆளில்லை. முதல் வரியைப் படித்தேன். மறுபடி படித்தேன். ஏழு வருஷம் அந்த அறையின் சாவி என்னிடம் இருந்தது. ஒரு பக்கத்தைக்கூட நான் அங்கே உட்கார்ந்து படித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னிடம் ஒரு தரம் கேட்டாளே, எங்கே உட்கார்வது என்று, அவளுக்குச் சும்மா உட்காரத் தெரிந்திருந்தது. எனக்கு அது வரவே இல்லை. பொறாமையாக இருந்தது. நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நான் அசைந்ததில் பெஞ்சு கிறீச்சிட்டது. மில்காரி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"என்ன டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

"ஆமா," என்று எழுந்தேன்.

பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மெயின் ரோட்டு நிழற்குடையில் சிமெண்டுப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.